முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: வாங்குதல், பராமரித்தல், மாற்றியமைத்தல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தக் கார்?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அதே கார் வட அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது. சேசிஸ் எண்ணின் தொடக்க எழுத்துகளைக் கொண்டு உரிமையாளர்கள் இதை என்.ஏ. என்று அழைக்கிறார்கள். மூடித் திறக்கும் முன்விளக்குகள் இருந்தால் அது என்.ஏ.தான், அடுத்து வந்த என்.பி. முதல் இன்றைய தலைமுறை வரை எதிலும் அவை கிடையாது. கீழே உள்ளவற்றில் பல என்.பி. கார்களுக்கும் பொருந்தும் என்றாலும், எஞ்சின் தொடர்பான விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

115 குதிரைத்திறன் மட்டுமே உள்ள காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்கான விடையைப் புரிந்துகொண்டவர்தான் இந்தக் காரை நன்றாக வைத்துக்கொள்வார் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எடை குறைந்த, திறந்த கூரையுள்ள, பின்சக்கரங்களை இயக்கும் ஒரு கார் வேண்டும் என்ற யோசனையை அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் பாப் ஹால், 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் முன்வைத்தார். பின்னாளில் அதை உருவாக்கும் பொறுப்பு தோஷிஹிக்கோ ஹிராய் தலைமையிலான குழுவுக்கு வந்தது. அந்தக் குழு வேகத்தைத் தேடவில்லை. எடையைக் குறைப்பதையும் அதைச் சரியான இடத்தில் வைப்பதையும்தான் தேடியது. நான்கு சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டது. பானெட் அலுமினியத்தால் செய்யப்பட்டது. பேட்டரி பின்புற டிக்கிக்குப் போனது. இருவர் அமர்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி எடை வரும்படி அமைத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும், ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடையில் தயக்கமே இல்லாமல் பின்சக்கரம் உடனே பதில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தொடக்ககால 1.6 லிட்டர் கார்கள் 1,000 கிலோவைத் தொடவில்லை.

இதனால் சாதாரண வளைவிலேயே, சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே, காரின் எடை எந்தச் சக்கரத்திலிருந்து எந்தச் சக்கரத்துக்கு நகர்கிறது என்பதை ஓட்டுநர் கையாலும் இடுப்பாலும் உணர முடிகிறது. எந்தப் பாகத்தை மாற்ற நினைத்தாலும், அந்த உணர்வு கூடுமா குறையுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1.6 லிட்டர் வாங்குவதா, 1.8 லிட்டர் வாங்குவதா?

1.6 எஞ்சின் உயர்ந்த சுழற்சிக்கு ஆவலோடு ஏறுகிறது, கார் எடை குறைவு. 1993 இறுதியில் வரத் தொடங்கிய 1.8 எஞ்சின் சுமார் 130 குதிரைத்திறன் தருகிறது. அதோடு வந்த உடற்சட்டம் உறுதி கூடியது, முன் பிரேக் டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆகப் பெரிதானது, டிஃபரன்ஷியலும் வலுவானது. எதையும் மாற்றாமல் ஓட்டப் போகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள 1.6 நிறைவளிக்கும். பின்னாளில் டர்போ பொருத்தும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் 1.8 வாங்குவதே சரி. ஐரோப்பாவில் 1990களின் நடுவில் விற்கப்பட்ட 1.6 கார்களின் திறன் 90 குதிரைத்திறன் அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது என்பதை அங்கே வாங்குவோர் கவனிக்க வேண்டும். இரண்டில் எது என்பதைவிட, துரு இல்லாதது எது என்பதுதான் முக்கியம்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. எஞ்சினைக் கேட்பதற்கு முன், சாவியைக் கையில் வாங்குவதற்கு முன், தரையில் மண்டியிட்டுப் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியைப் பாருங்கள். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் என்னும் பெட்டிப் பகுதியின் பின்முனை அது. இந்தக் காரின் பிற பழுதுகள் அனைத்தையும் ஸ்பேனரால் சரிசெய்துவிடலாம். சில் அரித்துப்போனால் வெல்டிங் தேவைப்படும், அதன் செலவு பல இடங்களில் காரின் விலையையே எட்டிவிடும்.

அது ஏன் அங்கே அரிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் தடுப்பது எளிது. துணிக்கூரையின் மீது விழும் மழைநீர், கூரையின் பின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் இறங்குகிறது. காய்ந்த இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், நீர் உள்ளே பொங்கிக் கம்பளத்தையும் சில்லின் உட்புறத்தையும் நனைக்கிறது. வெளியிலிருந்து எதுவும் தெரியாது. உள்ளிருந்து அரித்து, வண்ணப்பூச்சு கொப்பளமாக எழும்பும்போது பாதி உலோகம் போயிருக்கும். ஆகவே கொப்பளம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், விரலால் அழுத்திப் பாருங்கள், காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி நிரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். விற்பவர் அதற்குச் சங்கடப்பட்டால், அந்தச் சங்கடமே உங்களுக்குத் தேவையான தகவல்.

முன் சக்கர வளைவின் பின்புறக் கீழ் மூலையையும், காருக்கு அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம்களையும் அடுத்துப் பார்க்கலாம்.

தொடக்ககால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் பழுது உண்டு என்கிறார்களே, அது என்ன?

1991ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருந்தது. அந்த முனையில்தான், வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டை இயக்கும் பல்சக்கரமும் அதற்கு முன்னால் உள்ள புல்லியும், சாவிக்கட்டை என்னும் சிறு உலோகத் துண்டால் பிடிக்கப்பட்டு, ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த போல்ட் சரியான முறுக்கு விசையில் இறுக்கப்படாவிட்டால் பல்சக்கரம் நுண்ணிய அளவில் அசைய ஆரம்பிக்கும். அந்த அசைவு சாவிக்கட்டை அமர்ந்திருக்கும் பள்ளத்தைத் தேய்க்கும். தேயத் தேய அசைவு கூடும். முதலில் இழுவை குறையும், ஐடிலிங் கரடுமுரடாகும். இறுதியில் கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பெரும்பாலும் இது டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு, அலட்சியமாக இறுக்கியதால் வருவது.

அடையாளம் காண்பது எளிது. முன் புல்லியின் முகப்பில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை முனை. எட்டு இருந்தால் பின்னர் வந்த நீண்ட முனை. எஞ்சின் ஓடும்போது புல்லியைக் கூர்ந்து பார்த்து, அது தள்ளாடாமல் நேராகச் சுழல்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். குட்டை முனை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல காரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் ஓடும் எஞ்சின்கள் ஏராளம். ஆனால் அந்த போல்ட்டைத் தொடும் மெக்கானிக் யார் என்பதில் கண்டிப்பாக இருங்கள்: புதிய போல்ட், புதிய சாவிக்கட்டை, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச், சேவை கையேட்டில் உள்ள அளவு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்கவே விடக்கூடாது.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்?

சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதிகம் ஓடாத காராக இருந்தால், தூரத்தைப் பார்க்காமல் ரப்பரின் வயதைப் பார்த்து மாற்ற வேண்டும். என்.ஏ. எஞ்சின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை என்பது பெரிய ஆறுதல். கார் நடுவழியில் நின்றுபோகும், எஞ்சின் பிழைத்துவிடும். தண்ணீர் பம்ப்பைக் கழற்றுவதற்கும் இந்தப் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால், பம்ப், ஐட்லர் புல்லிகள், கேம் மற்றும் கிராங்க் சீல்கள் ஆகியவற்றையும் அதே வேளையில் மாற்றிவிடுவது சிக்கனம்.

ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மேலிருந்து டிக் டிக் என்று ஓசை வருகிறது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள், கார் நெடுநேரம் நின்றபின் காலியாகி ஓசை எழுப்புகின்றன. ஆயிலை உரிய காலத்தில் மாற்றி, சூடேறியபின் சற்று உயர்ந்த சுழற்சியில் ஓட்டினால் பல கார்களில் அடங்கிவிடும். அடங்காமலே ஓடும் எஞ்சின்களும் உண்டு. அவை அப்படியே நெடுங்காலம் உழைக்கின்றன. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த தட்டல் ஓசை வேறு. அதைக் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

எஞ்சின் பின்புறத்தில் ஆயில் கசிகிறது. பெரிய செலவா?

சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேம் தண்டின் நிலையை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் செருகப்பட்டிருக்கிறது. அதன் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகி, கண்ணாடி போலக் கெட்டியாகி, கசிய ஆரம்பிக்கும். ஓ-ரிங்கின் விலை அற்பம். கையை அங்கே நுழைப்பதுதான் சிரமம். கழற்றுவதற்கு முன் சென்சார் இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். கசிந்த ஆயில் கீழே உள்ள ஹீட்டர் குழாய்களை ஊறவைத்து மென்மையாக்கும் என்பதால் அவற்றையும் அப்போதே அழுத்திப் பாருங்கள்.

வெப்பம் குறித்து ஏன் எல்லோரும் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதாக இருக்கும்போது கருமையாக இருக்கும் அது, வயதாக ஆகப் பழுப்பேறும். பழுப்பேறிய தொட்டி எந்த நாளிலும் விரிசல் விடலாம். அதை வழியில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் மாற்றுவது மேல்.

மற்றொன்று வடிவமைப்பு சார்ந்தது. இந்த எஞ்சின் குடும்பம் முதலில் குறுக்குவாட்டில் பொருத்தப்படும் முன்சக்கர இயக்கக் கார்களுக்காக உருவானது. அங்கே எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. எம்எக்ஸ்-5இல் எஞ்சினை நீளவாக்கில் வைத்தபோது, தெர்மோஸ்டாட்டும் வெளியேறும் வழியும் முன்முனைக்கே மாற்றப்பட்டன. அதனால் பின் சிலிண்டர்களைச் சுற்றி நீரோட்டம் குறைவு. சாலையில் ஓட்டுவோருக்கு இது பொருட்டே அல்ல. பந்தயத்தடத்தில் ஓட்டுவோரும் டர்போ பொருத்துவோரும் வெளியேறும் வழியை மீண்டும் பின்முனைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது தகுந்த செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டாஷ்போர்டில் உள்ள வெப்பமானி பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. முள் நகரும்போது தாமதமாகிவிடலாம். துல்லியமான தனி வெப்பமானி ஒன்றைப் பொருத்துவது நல்ல முதலீடு.

கியர் மாற்றும்போது இரண்டாவது கியர் அடம்பிடிக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

குளிர்ந்திருக்கும்போது மட்டும் அடம்பிடித்தால் அது இந்தக் கியர்பாக்ஸின் இயல்பு. சில நிமிடம் பொறுமையாக ஓட்டினால் போதும். 75டபிள்யூ-90 ஜிஎல்-4 வகை நல்ல கியர் ஆயிலை மாற்றினால் வேறுபாடு தெரியும். கியர் தண்டின் அடியில் தனியாகச் சிறிதளவு ஆயிலும், ரப்பர் உறைகளும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறை கிழிந்திருந்தால் வெப்பமும் இரைச்சலும் காருக்குள் ஏறும், கியர் தண்டும் தொளதொளக்கும். அவற்றை மாற்றிய பின், இந்தக் காருக்குப் புகழ் தேடித் தந்த அந்தக் குறுகிய, சொடுக்குப் போன்ற கியர் அசைவு திரும்பிவரும்.

கிளட்ச் பெடல் தரையோடு போய்விட்டால், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். கசிவது அதன் வழக்கம். மலிவானது, மாற்றுவதும் எளிது.

எந்த பேட்டரி வேண்டுமானாலும் போடலாமா?

கூடாது. பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், அமிலம் சிந்தாத அடைத்த வகையும், வாயுவை வெளியேற்றும் குழாய் இணைப்பும் அவசியம். சாதாரண பேட்டரியின் ஆவி டிக்கியின் தகட்டை அரிக்கும்.

துணிக்கூரையை எப்படிப் பேணுவது?

பின் ஜன்னல் நெகிழ்வான பிளாஸ்டிக். அதை மடித்தால் மடிப்புக் கோடு விழுந்து, பிறகு அங்கேயே பிளக்கும். கூரையை இறக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகக் கிடத்துங்கள், குளிர்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது இன்னும் கவனமாக. வடிகுழாய்களை ஆண்டுக்கு இருமுறையாவது வளையும் நைலான் குச்சியால் மென்மையாகச் சுத்தம் செய்து, ஒரு குவளை நீர் ஊற்றி அது கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கூர்மையான கம்பியை விட்டால் குழாய் கிழிந்து, தடுக்க நினைத்த நீரே உள்ளே போகும்.

முன்விளக்கு ஒன்று எழவில்லை. என்ன செய்வது?

விளக்கு மோட்டாரின் மீது ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு குமிழ் உள்ளது. அதைக் கையால் சுழற்றி விளக்கை உயர்த்திக்கொண்டு வீடு சேரலாம்.

மாற்றியமைப்பதை எதிலிருந்து தொடங்குவது?

டயரிலிருந்து. இதில் எனக்கு ஐயமே இல்லை. தொழிற்சாலை அளவு 185/60ஆர்14. பரிந்துரைக்கப்பட்ட காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ மட்டுமே. மற்றக் கார்களுக்குப் பழகிய பங்க்குகளில் 32 அல்லது 35 ஏற்றிவிடுகிறார்கள். அதனால் கார் துள்ளும், பிடிமானம் குறையும், உரிமையாளர் சஸ்பென்ஷனைக் குறை சொல்வார். மேற்பரப்பின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு பழைய டயர் இறுகிப்போன டயர்தான்.

வீல் மாற்ற விரும்பினால் 15 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்பேன். 195/50ஆர்15 டயரும் இலகுவான 15 அங்குல வீலும் பரவலாக நிரூபணமான இணை. நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம், 54.1 மில்லிமீட்டர் நடுத்துளை என்பவை காரின் அளவுகள். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போடுங்கள். அசல் 14 அங்குல அலாய் வீல் ஒன்றின் எடை சுமார் 5.5 கிலோதான். அதைவிடக் கனமான 17 அங்குல வீலை மாட்டும்போது, ஹிராயின் குழு கிராம் கிராமாகக் குறைத்த எடையை, அது மிகவும் வலிக்கும் இடத்தில் திருப்பி ஏற்றுகிறோம்.

காரைத் தாழ்த்தலாமா?

அளவாகத் தாழ்த்தலாம். ஆனால் அதற்கு முன் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதுப்பித்து, சரியான வீல் அலைன்மென்ட் செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த புஷ்களோடு பழகியவர்கள் புதுப்பித்த காரை ஓட்டியபின் வேறு எதுவும் வேண்டாம் என்று நின்றுவிடுவது உண்டு. இந்தக் காரில் நான்கு சக்கரங்களின் கேம்பரையும் (செங்குத்திலிருந்து சாய்வு) டோவையும் (உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யலாம். அதற்கான எக்சென்ட்ரிக் போல்ட்கள் துருவேறி இறுகியிருந்தால், அவற்றை விடுவிப்பதே முதல் வேலை. ஸ்பிரிங்கை மட்டும் அறுத்துக் குட்டையாக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பயண நீளம் குறைந்து, சஸ்பென்ஷன் ரப்பர் தாங்கியில் மோதி, வளைவின் நடுவே பிடிமானம் திடீரென அறும்.

பெரிய பிரேக் தேவையா?

சாலைக்குத் தேவையில்லை. நல்ல பேட், புதிய பிரேக் ஆயில், துருவேறாத ஸ்லைடர் பின்கள் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியபின் 155 டிகிரி. மலைப்பாதையில் பெடல் பஞ்சு போலாவதற்கு இதுவே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தடத்தில் ஓட்டும் 1.6 உரிமையாளர்கள், 1.8 காரின் டிஸ்க்குகளையும் கேலிப்பர் தாங்கிகளையும் பொருத்திக்கொள்ளலாம்.

எஞ்சின் திறனைக் கூட்ட எளிய வழி எது?

1.6 காரில் இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14 வரை முன்னகர்த்துவது பலரும் செய்யும், செலவில்லாத மாற்றம். பானெட்டுக்குள் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்று குறிக்கப்பட்ட முனைகளை இணைத்து, டைமிங் லைட் வைத்துத்தான் அளக்க வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும். எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் ஓசை கேட்டால் டைமிங்கைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் பெரும்பாலும் ஓசையைத்தான் கூட்டும்.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்தினால் உண்மையான வேறுபாடு கிடைக்கும். ஆனால் அதற்கு மறுநிரலாக்கத்தக்க ஈசியூ என்னும் எஞ்சின் கணினி, பெரிய இன்ஜெக்டர்கள், வலுவான கிளட்ச், நல்ல ரேடியேட்டர் ஆகியவை கூடவே வரும்; 1.6 காரானால் டிஃபரன்ஷியலும். எரிபொருள் கலவையை அளந்து சரிசெய்யாமல் பூஸ்ட் என்னும் காற்றழுத்தத்தை மட்டும் ஏற்றும் மலிவான ஏற்பாடு பிஸ்டனை உருக்கும். உங்கள் நாட்டின் புகை விதிகளும் காப்பீட்டு நிறுவனமும் என்ன சொல்கின்றன என்பதைப் பாகம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ரோல் பார் அவசியமா?

இருக்கைகளுக்குப் பின்னால் வளைவாகப் பொருத்தும் இந்த உலோகக் குழாய், பந்தயத்தடத்தில் ஓட்டுவதானால் அவசியம். கார் கவிழ்ந்தால் முன்கண்ணாடிச் சட்டமோ, கழற்றக்கூடிய ஹார்ட்டாப்போ தலையைக் காக்காது. வாங்கும் ரோல் பார் உங்கள் தலை உயரத்துக்கு மேல் வருகிறதா என்று இருக்கையில் அமர்ந்து அளந்து பாருங்கள். சாலையில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டும்போது அந்தக் குழாயே தலையில் மோதக்கூடும் என்பதால் அடர்த்தியான திண்டு உறை போட வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டியரிங் வீலை மாற்றினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஜாக்கியை எங்கே வைப்பது?

முன்புறம் சப்ஃபிரேமின் நடுவிலும், பின்புறம் டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் வைத்துத் தூக்கலாம். கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி ஓடும் அலுமினியச் சட்டத்தில் மட்டும் வைக்கவே கூடாது. அது வளைந்தால் முழு இயக்கத் தொடரும் கோணலாகும். தூக்கியபின் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் நுழையாதீர்கள்.

பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

இந்த வயதுடைய பிற ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் மிக நன்றாகவே கிடைக்கின்றன. 2016இல் எம்எக்ஸ்-5இன் மொத்த உற்பத்தி பத்து இலட்சத்தைத் தொட்டது. அவ்வளவு கார்கள் இருப்பதால் பாகம் தயாரிப்போருக்கும் சந்தை உண்டு. 2017இல் மாஸ்டா நிறுவனமே என்.ஏ. கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, துணிக்கூரை, மர ஸ்டியரிங் வீல் போன்றவற்றை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. அசல் அளவிலான 14 அங்குல டயரும் அதில் அடங்கும். உட்புறப் பிளாஸ்டிக் பாகங்களும் குறிப்பிட்ட வண்ணக் கம்பளங்களும்தான் தேடலுக்கு உள்ளாக்கும். அதனால் காரிலிருந்து கழற்றும் அசல் வீல், ஸ்டியரிங், ஸ்பிரிங், சைலன்சர் என எதையும் விற்றுவிடாமல், பெயரெழுதி உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் அவற்றையும் சேர்த்தே விலை பேசுவார்.